நண்டு வரிசையில் நிற்காது

அத்தியாயம் பதினான்கு

சிவலட்சுமியின் வலது தோளுக்குள் போர் விட்டுப்போன ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை ஏழாம் அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். அந்த நாளை இன்னொரு தரம் கிளறுவதில் ஒருவருக்கும் இலாபமில்லை. இப்போதைக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான்: அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. ஆனால் மழை சொல்லும்.

சும்மா சொல்லாது. மூன்று நாள் முந்தியே சொல்லும். தூறலா, குளம் நிரம்புகிற மழையா என்பதையும் பிரித்துச் சொல்லும். முகாமிலிருந்து வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி வந்த இந்த இரண்டு வருடத்தில் வானொலி பதினொரு தரம் பிழைவிட்டிருக்கிறது. தோள் ஒரு தரமும் பிழைவிடவில்லை. விதைப்புக்கு நாள் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தைத் திறப்பதற்கு முன்னர் அவள் கணவர் பாலசிங்கத்தாரின் படலையைத் திறப்பார்கள். போன வருடம் கமக்காரர் சங்கம் மேடையில் கூப்பிட்டு ஒரு போத்தல் நல்லெண்ணெய் கொடுத்தது. அவளுக்கு அல்ல, தோளுக்கு. அறிவிப்பாளரும் அப்படித்தான் அறிவித்தார்.

அந்தப் புரட்டாதி வெள்ளிக்கிழமை வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. ஆனாலும் விடிந்ததிலிருந்து தோள் குத்தியது.

"மழையோ?" என்றார் பாலசிங்கம், கிணற்றடியில் பல்லைத் தீட்டியபடி.

"இல்லை. இது வேற குத்து."

வேறு குத்து என்னவென்று அவருக்கும் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பள்ளிப் பெற்றோர் கூட்டம். கூட்டத்துக்குத் தலைவர் பாலசிங்கம். முன்பள்ளி ரீச்சர் அவருடைய மகள் பிரேமினி. எடுக்கப்போகிற தீர்மானமோ பிரேமினிக்கு எதிரானது. தலைவரின் மனைவியும் ரீச்சரின் தாயும் ஒரே ஆளாக அடுப்படியில் இருந்து பிட்டு அவித்துக்கொண்டிருந்தால், தோள் குத்தாமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு கோப்பு.

ஆடி மாதத்தில் ஒரு நாள், வெளியூரிலிருந்து ஒரு அம்மா கையில் கோப்போடு முன்பள்ளியைப் பார்க்க வந்தார். வாசலில் கோப்பைக் கண்டதுதான் தாமதம், பத்தொன்பது பிள்ளைகளும் பாடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினார்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். முன்னுக்கு நின்ற நாலு வயது யதுர்சிகா, தன் வீட்டுக் குடும்ப அட்டை இலக்கத்தை ஒரு எண் பிசகாமல் ஒப்புவித்தாள்.

"என்ன ஒழுக்கம்!" என்று வந்த அம்மா படம் எடுத்தார்.

பாலசிங்கத்தின் மீசை அன்றைக்கு இரண்டு அங்குலம் நீண்டது. அளந்து பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பிரேமினி மட்டும் தறப்பாள் மறைப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

முகாமில் நடை பழகிய பிள்ளைகள் அவர்கள். கோப்போடு ஆள் வந்தால் வரிசை, தண்ணீருக்கு வரிசை, பருப்புக்கு வரிசை, மருந்துக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. முன்னால் ஒரு முதுகு தெரியாவிட்டால் கால் எடுத்து வைக்க அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கண்ணீரோடுதான் பிரேமினி மன்னாருக்குப் பஸ் ஏறினாள். அங்கே பெற்றிசியா ரீச்சர் என்கிறவர், சின்னப் பிள்ளைகளுக்கு ஆடவும் அசையவும் விட்டு, அதற்குள்ளால் எழுத்தும் எண்ணும் துணிவும் ஊட்டுகிற ஐந்து நாள் வகுப்பு நடத்தினார். பிரேமினி வகுப்பில் பாதியைப் படித்தாள். மீதியை மன்னார் பஸ் நிலையத்துக் கழுதைகளிடம் படித்தாள். அந்தக் கழுதைகளுக்கு நேர அட்டவணை மனப்பாடம். வவுனியா பஸ் பிந்தினால் பயணிகள் நேரக் கணிப்பாளரைக் கேட்கமாட்டார்கள், கழுதை எந்தப் பக்கம் பார்க்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஒரு கழுதைகூட வரிசையில் நிற்கவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டாள்.

திரும்பி வந்த முதல் நாள் பிள்ளைகளை வெளியே விட்டு, "எங்க விருப்பமோ அங்க போங்கோ" என்றாள்.

பத்தொன்பது பேரும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

அவள் நடந்தாள். வரிசையும் நடந்தது. அவள் ஓடினாள். வரிசையும் ஓடியது. அவள் வேப்பமரத்தைச் சுற்றினாள். முன்னுக்கு வந்த யதுர்சிகா கடைசிப் பிள்ளையின் முதுகைப் பிடித்துவிட, வரிசைக்குத் தலையுமில்லை வாலுமில்லை என்றாகி, பெற்றோர் கூட்டிப்போக வரும்வரைக்கும் சுற்றிக்கொண்டேயிருந்தது. மரத்தைச் சுற்றி உண்டான பள்ளத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் நின்று, இரண்டு கெளிறு மீன் பிடித்ததாகச் சொல்கிறார்கள்.

எட்டு நாள் இப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் பிரேமினி மண்ணில் குந்தி, இரண்டு கையையும் இடுக்கியாக்கி, "நண்டு எங்கையாவது வரிசையில நிண்டு பாத்திருக்கிறியளோ?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் யோசித்தார்கள். கடற்கரைக்குப் போயிருந்த பிள்ளைகள், "இல்லை" என்று தலையாட்டினார்கள். பிறகு ஒன்று இடப்பக்கம் நகர்ந்தது. ஒன்று வலப்பக்கம் நகர்ந்தது. இரண்டு முட்டிக்கொண்டு சிரித்தன. வரிசை அன்றைக்கு உடைந்தது.

ஊரில் முறைப்பாடு தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

சரவணமுத்துவின் பேரன் மூன்று நாளாகக் கொக்காக இருந்தான். சோறு தின்பதும் ஒற்றைக் காலில். இன்னொரு வீட்டில் பிள்ளை கழுதையாகி, தகப்பனைப் பின்னங்காலால் உதைத்தது. பக்கத்து ஊர் முன்பள்ளிப் பிள்ளைகள் 'அ' எழுதுகிறார்களாம், 'ஆ' எழுதுகிறார்களாம், நம்முடையவை தவளையாகத் தத்துகின்றனவாம். ஊர்ச் சங்கத்தின் செயலாளர் தில்லைநாதன், கந்தோரில் கோப்பு எழுதி ஓய்வு பெற்ற எழுதுவினைஞர், முறைப்பாடுகளை இலக்கமிட்டு அடுக்கிவிட்டார்.

தீர்மானம் இதுதான்: முன்பள்ளியில் ஆட்டம் நிற்பாட்டப்பட வேண்டும். ரீச்சர் சம்மதிக்காவிட்டால் வேறு ரீச்சர்.

இனிப் பிட்டுக்கு வருவோம்.

"அப்பா, நீங்கள் ஒருநாளாவது வந்து பாத்தனீங்களே?" பிரேமினி பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"பாக்க என்ன கிடக்கு? றோட்டால போறவன் வாறவன் எல்லாம் பாக்கிறான். அது காணும்."

"அப்ப பிரச்சினை பிள்ளையள் ஆடுறதோ, றோட்டால போறவன் பாக்கிறதோ?"

பாலசிங்கம் அந்தக் கேள்வியைப் பிட்டோடு சேர்த்து விழுங்கினார். "ஒண்டாம் வகுப்புக்குப் போகேக்க எழுத்துத் தெரியாட்டி ஆரைக் கேப்பினம்? கொக்கையோ?"

"யதுர்சிகாவுக்கு 'ட' தெரியும்."

"எங்க எழுதினவள்?"

"நிலத்தில. இருந்துகொண்டு காலை நீட்டி, முதுகை நிமித்தினால் 'ட'. கூனிக்கொண்டிருந்தால் 'ட' வராது. அதுக்காகவே இப்ப நிமிந்து இருக்கிறாள்."

"எனக்குத் தெரிஞ்ச 'ட' கொப்பியில இருக்கும்."

"உங்களுக்கு எல்லாம் கொப்பியிலதான் இருக்கவேணும். பிள்ளையளும் கொப்பிக்குள்ள இருந்தால் சந்தோசம்."

"பிரேமினி!"

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கோவன்."

இரண்டு பேரும் சிவலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் பிட்டுக் குழலைப் பார்த்தாள்.

"பிட்டு ஆறுது" என்றாள்.

வீட்டுக்குள் அவள் வாய் ஓய்ந்து ஒருவரும் கண்டதில்லை. கோழியோடு கதைப்பாள், கிணற்றோடு கதைப்பாள், அடுப்பு எரியாவிட்டால் அதன் பரம்பரையையே இழுத்துக் கதைப்பாள். ஆனால் கணவனும் மகளும் இரண்டு பக்கம் நின்றால் அவளுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு வராது. பொதுக் கூட்டங்களிலோ அதுவும் வராது.

"அம்மா எப்பவும் இப்பிடித்தான்" என்று பிரேமினி எழும்பிக் கை கழுவிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தாளம் தட்டுகிற பிஸ்கட் தகரத்தை எடுத்துச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சொல் தோளில் இன்னொரு துண்டாக ஏறியது.

அன்றைக்கு முன்பள்ளிக்குக் கஞ்சி காய்ச்சுகிற முறை சிவலட்சுமியுடையது. பத்தரை மணிக்குப் பயற்றங்கஞ்சிப் பானையை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். முன்பள்ளி என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்கவேண்டாம். நாலு பனங்குற்றி, மேலே தகரம், மூன்று பக்கம் தறப்பாள். நாலாவது பக்கம் றோட்டு.

வழக்கமாகப் பானையை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இன்றைக்கு நின்றாள்.

பிரேமினி பிஸ்கட் தகரத்தில் மெதுவாகத் தட்டினாள். "காத்து வருது... காத்து வருது... எல்லாரும் ஆர்?"

"பனை!"

பத்தொன்பது பனைகள் எழும்பின. கைகள் ஓலைகளாகச் சலசலத்தன. ஒரு பனை மட்டும் வேறு மாதிரி. யதுர்சிகா சட்டையைத் தலைக்கு மேலே இழுத்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, விறைத்துப்போய் நின்றாள்.

சிவலட்சுமிக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை கண் திறந்த நாள் முதல் பார்த்த பனைகள் அப்படித்தான். குளக்கட்டு நெடுக இன்னும் நிற்கின்றன, ஷெல் விழுந்து தலைவட்டுப் பறிபோன வெறும் மரங்கள்.

மகள் ஏசப்போகிறாளோ, தலையை வெளியே எடு என்று சொல்லப்போகிறாளோ என்று பார்த்தாள். பிரேமினி சொல்லவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"இந்தப் பனை நல்ல பனை. இதுக்குப் பொந்து இருக்கோ?"

சட்டைக்குள்ளிருந்து, "ஓம்."

"பொந்துக்குள்ள ஆர் இருக்கினம்?"

சட்டை ஒரு தரம் அசைந்தது. பிறகு, "கிளி."

"கிளி வெளியில எட்டிப் பாக்குமோ?"

சட்டைக் கழுத்துக்குள்ளால் முதலில் ஒரு நெற்றி, பிறகு இரண்டு கண், பிறகு ஒரு மூக்கு வந்தது. கிளி இரண்டு பக்கமும் பார்த்தது. "கீ" என்று ஒரு சத்தம் போட்டது. மற்றப் பதினெட்டுப் பனைகளும் உடனே கிளியாகிவிட்டன. தகரக் கூரை கொஞ்சம் மேலே எழும்பி இறங்கியது. சந்தேகப்படுகிறவர்கள் அதில் இன்றைக்கும் கழன்றிருக்கிற ஆணிகளை எண்ணிப் பார்க்கலாம்.

கிளி பறந்து பறந்து சிவலட்சுமியின் முன்னால் வந்து நின்றது.

"பெரியம்மா, நீங்களும் பனை."

"எனக்குக் கை எழும்பாது, குஞ்சு."

யதுர்சிகா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மற்றக் கை?"

மற்றக் கையைப் பற்றி, தோள் காயப்பட்ட இந்த மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வைத்தியர் கேட்கவில்லை. கமக்காரர் சங்கம் கேட்கவில்லை. சொல்லப்போனால் அவளே கேட்டதில்லை. பானை சுமக்க ஒரு கை என்று அதை மறந்துபோயிருந்தாள்.

சிவலட்சுமி இடது கையைத் தூக்கினாள். அது சும்மா போய்க்கொண்டேயிருந்தது, கூரை தட்டுகிற வரைக்கும்.

"காத்து வருது" என்றாள் யதுர்சிகா, கண்டிப்பாக.

சிவலட்சுமி விரல்களை அசைத்தாள். பிஸ்கட் தகரத்தோடு நின்ற மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கூட்டம் கூடியது.

அந்த ஊர்க் கூட்டங்களின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். கை தூக்கி வாக்கெடுப்பதில்லை. கை தூக்கினால் தலை எண்ணப்படும், பெயர் எழுதப்படும், எழுதின பெயர் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஊர் திரும்பிய நாள் முதல் எவரும் எந்தக் கூட்டத்திலும் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தியதில்லை. அதனால் தலைவர் மூன்று தரம் "எதிர்ப்பு இல்லைத்தானே?" என்று கேட்பார். சபை மூன்று தரமும் நிலத்தைப் பார்க்கும். தில்லைநாதன் 'ஏகமனதாக' என்று எழுதுவார். இரண்டு வருடத்தில் எழுபத்துநாலு தீர்மானங்கள் இப்படி நிறைவேறின. அவற்றில் ஒன்று தில்லைநாதன் தும்மியது. வாசித்து முடிக்க முதல் தும்மிவிட்டார், சபை நிலத்தைப் பார்த்தது, நிறைவேறிவிட்டது.

தலைவரும் செயலாளரும் கதிரையில். முப்பது பேர்வரை பாயில், அதில் ஆண்கள் நாலே நாலு பேர். பிள்ளைகள் தாய்மாரின் மடியில். சிவலட்சுமி வழக்கம்போல் கடைசிப் பாயில், குற்றிக்குப் பக்கத்தில் இருந்தாள். பிரேமினி உட்காரவில்லை.

தில்லைநாதன் தீர்மானத்தை வாசித்தார். கொக்கு, கழுதை, தவளை மூன்றும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தன.

"நான் கதைக்கலாமோ?" என்றாள் பிரேமினி.

"தீர்மானத்துக்குப் பிறகு ரீச்சர் கதைக்கலாம்" என்றார் தலைவர்.

"தீர்மானத்துக்குப் பிறகு நான் ரீச்சர் இல்லையேப்பா."

"கூட்டத்தில அப்பா எண்டு கூப்பிடக்கூடாது."

"சரி, தலைவர் அப்பா."

மூன்று பேர் சிரித்தார்கள், உடனே நிலத்தைப் பார்த்தார்கள். பாலசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"எதிர்ப்பு இல்லைத்தானே?"

நிலம்.

"எதிர்ப்பு இல்லைத்தானே?"

நிலம். தில்லைநாதன் பேனையின் மூடியைக் கழற்றி 'ஏக' வரைக்கும் எழுதிவிட்டார்.

சிவலட்சுமி மகளைப் பார்த்தாள். பிரேமினி அழவில்லை. பிஸ்கட் தகரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நின்றாள். கூனினால் 'ட' வராது என்று சொன்னவள் அல்லவா.

"எதிர்ப்பு இல்லை..."

கடைசிப் பாயில் ஒரு கை எழும்பியது. சும்மா போய்க்கொண்டேயிருந்தது.

பாலசிங்கம் முதலில் அதைப் புரிந்துகொள்ளவில்லை. "என்ன, தண்ணி வேணுமோ உமக்கு?"

"இல்லை" என்றாள் சிவலட்சுமி. "எதிர்ப்பு."

தில்லைநாதன் கொப்பியைப் புரட்டினார், முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் புரட்டினார். "இதை எங்க எழுதுறது? இதுக்கு இஞ்ச இடம் விடேல்லையே." பிறகு கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அதோட அது இடக்கை, அண்ணை. இடக்கை செல்லாது" என்றார்.

"செல்லாதோ? இந்தக் கையால தூக்கின கஞ்சியைத்தானே தம்பி உம்மட பேரப்பிள்ளை காலமை ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சவன். அது செல்லிச்சுதோ?"

பாயில் யாரோ களுக்கென்றார்கள்.

பாலசிங்கம் எழும்பி வந்தார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "கையை இறக்கும். றோட்டு தெரியுது" என்றார்.

அப்போதுதான் சிவலட்சுமி அவருடைய முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அது கோபம் இல்லை. இந்த ஒரு மாதமாகக் கோபம் என்று நினைத்தது எல்லாம் இந்தப் பயம்தான். வியர்த்திருந்தது. எழும்பி நின்றவர்களைத்தான் முதலில் எண்ணிக் கொண்டுபோனார்கள் என்று அவர் நித்திரையில் புலம்புவதை அவள் மட்டும் கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் துள்ளுவது அவருக்குத் துள்ளலாகத் தெரியவில்லை. தலைகள் வேலிக்கு மேலே தெரிவதாகத் தெரிந்தது.

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கை இறங்கவில்லை.

"தெரியட்டும்" என்றாள். "இவ்வளவு காலமும் நிலத்தைத்தானே பாத்தனாங்கள். என்னத்தைக் கண்டனாங்கள்? இந்தப் பிள்ளையள் இப்பதான் ஆளுக்கொரு பக்கம் நடக்குதுகள். திரும்ப வரிசையில விட நான் சம்மதியன்."

யதுர்சிகா தாயின் மடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒற்றைக் கைப் பனை ஒன்று தனியாக நிற்பதைக் கண்டாள். வழுகி இறங்கி, பாய்களுக்கு நடுவால் நண்டாக நகர்ந்து வந்து, சிவலட்சுமிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். பின்னாலேயே கொக்கு வந்தது. தவளை வந்தது. ஒருவர் பின் ஒருவராக அல்ல, நாலா பக்கத்தாலும் வந்தார்கள்.

"பிள்ளையளின்ர கையை எண்ணேலாது" என்றார் தில்லைநாதன்.

"அப்ப என்ரையை எண்ணுங்கோ" என்று யதுர்சிகாவின் தாய் கையைத் தூக்கினாள். அவள் கதைத்து ஊரில் பலர் அன்றைக்குத்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்று. பிறகு இரண்டு. பாதி எழும்பிய கைகள் கூந்தலைச் சொறிந்துவிட்டு மீதியும் எழும்பின.

அந்த நேரம் பார்த்து றோட்டில், ஆமிக் காம்புப் பக்கமிருந்து, ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. இரண்டு பேர். முன்பள்ளிக்கு முன்னால் மெதுவாகி, நின்றது.

கைகள் தாமாகவே இறங்கின. கால் மடங்குவதுபோல், கண் இமைப்பதுபோல், உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. ஒன்று, மூன்று, பத்து என்று இறங்கின.

பிள்ளைகளுடையவை இறங்கவில்லை. அவர்களுக்கு அந்த இரண்டு பேரும் இரண்டு பேர்தான். யதுர்சிகா றோட்டைப் பார்த்து, "கீ" என்றாள்.

சிவலட்சுமியின் கையும் இறங்கவில்லை. நடுங்கியது. நடுங்கினால் என்ன, காற்றுக்கு ஓலை நடுங்கும்தானே.

பிரேமினி தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். மெதுவாகத்தான். இன்னொரு தட்டு. இறங்கிய கைகளில் ஒன்று திரும்ப எழும்பியது. பிறகு மற்றவை. இந்த முறை சொறிதல் எல்லாம் இல்லை.

மோட்டார் சைக்கிள் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுப் போனது.

பாலசிங்கம் கதிரைக்குத் திரும்பிப் போய், "எண்ணும்" என்றார்.

தில்லைநாதன் எண்ணினார். பதினேழில் நின்றுவிட்டார். பதினெட்டாவது கை அவருடைய மனைவியினுடையது.

"நீயுமோ?"

"எழுதுங்கோப்பா. எண்ணிக்கை பிழைக்கப் போகுது."

இருபத்துமூன்று. 'ஏக' என்று எழுதியிருந்ததை வெட்டினார். கொப்பியில் முதலாவது வெட்டு. தீர்மானம் தோற்றால் தலைவர் என்ன சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது, அப்படி ஒன்று நடந்ததேயில்லை. பாலசிங்கம் யோசித்துவிட்டு, "விழுந்துது" என்றார். அவ்வளவுதான். அடுத்த திங்களும் பிரேமினிதான் ரீச்சர்.

ஐந்து மணிபோல், கிராம அலுவலரான விதானையார் கனகரத்தினம் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்கு வந்தார். மழை கேட்க வரவில்லை என்பது உருட்டின விதத்திலேயே தெரிந்தது.

"பாலசிங்கண்ணை, நாளைக்குக் காலமை பத்து மணிக்கு உங்களைச் சந்தி ஆமிக் காம்புக்கு வரட்டாம். கூட்டக் கொப்பியையும் கொண்டு."

"ஏனாம்?"

"கை தூக்கினதாம் எண்டு கேள்வி. முதல் தூக்கினது ஆரெண்டு கேக்கினம்." அவர் சைக்கிள் மணியைத் துடைத்தார். "எனக்கு வேற ஒண்டும் தெரியாது, அண்ணை. சொல்லச் சொன்னதைச் சொல்லிப்போட்டன்."

அவர் போன பிறகு சிவலட்சுமி மேசையில் கிடந்த கொப்பியைத் திறந்தாள். தில்லைநாதனின் அழகான கையெழுத்து: 'எதிர்ப்பை முதலில் தெரிவித்தவர்: ஒரு பெண்.'

"ஒரு பெண்ணோ? எனக்குப் பேர் இல்லையோ?"

பாலசிங்கம் அடுப்படி நெருப்பைப் பார்த்தார். "நான்தான் அப்பிடி எழுதச் சொன்னனான்."

அவள் ஏசவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தாள். 'ஒரு பெண்' என்பதற்கு மேலே, ஒவ்வொரு எழுத்தாக, சிவலட்சுமி பாலசிங்கம் என்று எழுதினாள். வலது கை எழுதத் தோள் குத்தியது. எழுதி முடித்து ஊதிக் காயவைத்தாள்.

"நாளைக்கு நானும் வாறன்."

"உம்மை வரச் சொல்லேல்லை."

"முதல் கை ஆரின்ர எண்டுதானே கேக்கினம்? நீங்கள் போய் என்ன கையைக் காட்டுவியள்?"

"நானும் வாறன்" என்றாள் வாசலில் நின்ற பிரேமினி.

"நீ வரவேண்டாம், பிள்ளை. வரச் சொன்ன உடன எல்லாரும் போய் நிண்டால் அது திரும்ப வரிசை. காம்பில பதில் சொல்ல நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம். நீ நாளைக்குப் பிள்ளையளைக் கூப்பிடு."

"நாளைக்குச் சனிக்கிழமையம்மா. லீவு."

"லீவெண்டால் என்ன? பத்து மணிக்குக் கூப்பிடு. தகரத்தைச் சந்திக்குக் கேக்கிற மாதிரி அடி."

பிரேமினி பிஸ்கட் தகரத்தை எடுத்து, நெளிவு எடுக்கத் தொடங்கினாள்.

பாலசிங்கம் முற்றத்துக்கு இறங்கினார். சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பின் சில்லுக்குக் காற்று அடித்தார். இரண்டு பேர் பாரத்துக்கு வேண்டிய காற்று. அடித்து முடித்து, ஒரு சாக்கை நாலாக மடித்துக் கரியரில் வைத்து இறுக்கிக் கட்டினார். கட்டினது போதாதென்று அவிழ்த்து, இன்னொரு சாக்கும் சேர்த்துக் கட்டினார்.

"இடப்பக்கமாப் பாத்து இரும்" என்றார், அவளைப் பார்க்காமல். "அந்தக் கையாலதானே பிடிக்கவேணும்."